‘வேகம் குறைகிறது’ அணியில் நான்

டிசம்பர் 6, சனி

நடுவர் ஐயா காலையிலேயே போன் செய்துவிட்டார். டிவியில் பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். பத்தொன்பதாம் தேதி சென்னையில் பதிவு. தலைப்பு, ‘தொழில்நுட்ப வளர்ச்சி வேகமெடுக்கிறதா, வேகம் குறைகிறதா?’ எனக்கு வேகமெடுக்கிற அணி.

“மங்கையர்க்கரசி, முதல் நிமிஷம் சிரிக்க வைக்கணும், கடைசி நிமிஷம் அழ வைக்கணும். நடுவுல கொஞ்சம் விஷயமும் இருந்தா தப்பில்லை” என்றார்.

அடேயப்பா, டிவி! இத்தனை வருஷமாகக் கோயில் கொடை விழாவிலும் புத்தகக் கண்காட்சியிலும் தொண்டை கிழியக் கத்தியதற்கு இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது. காலேஜில் பிசிக்ஸ் நடத்தி எவன் என்னை ஞாபகம் வைத்திருக்கிறான்? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ‘வீட்டுக்காரரை ஓட்டுவாங்களே, அந்த மேடம்’ என்றால்தான் தெரிகிறது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எந்தப் பக்கம்?” என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது. சாயங்காலம் தானே போய் அல்வா வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். இருட்டுகிற நேரம், வேண்டாம் என்று நான்தான் போய் வாங்கி வந்தேன். ரேஷன் கடைக்கும் போக வேண்டியிருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஷெரின் என்று ஒரு பெண். இவர் கண்ணுக்கு ஒத்துவரக்கூடிய மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். போன வருஷம் கொடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜனவரி இருபத்தெட்டாம் தேதி வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும், துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும். மிச்சப் பார்வை இருக்கிறவர்களுக்குத்தான் இது. இருபத்தெட்டுக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று சொன்னாள்.

நாட்குறிப்பில் இதை நான் எழுதியதே இல்லை போலிருக்கிறது. அவருக்கு விழித்திரையில் கோளாறு. பிறவியிலேயே இருக்கிற விஷயம். கல்யாணமான புதிதில் ராத்திரியில் மட்டும் தடுமாறுவார். பிறகு ஓரங்கள் போயின. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி, நடுவில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் மங்கி வருகிறது. மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்த மனிதர், இப்போது ஆபீசில் புகார் போன் எடுக்கிறார். வெளியே போனால் என் தோளில் கை வைத்துக்கொண்டு வருவார். பார்க்கிறவர்கள், இந்த வயசிலும் என்ன கொஞ்சல் என்று நினைப்பார்கள்.

போனை வைத்ததும் அவர் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

டிசம்பர் 13, சனி

அடுப்படியில் பேச்சை ஒத்திகை பார்த்தேன். வீடியோ கால், ஒரே வருஷத்தில் வந்த தடுப்பூசி, கைக்குள் அடங்கிவிட்ட கேமரா. எல்லாம் சரிதான், ஆனால் உயிர் இல்லை. அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். தொட்டுப் பார்த்து உரிப்பதில் என்னைவிட வேகம்.

“ஏ அரசி, என் கண்ணைச் சொல்லு” என்றார்.

“அது எதுக்குங்க, நம்ம வீட்டு விஷயம்.”

“நீ எந்த வீட்டு விஷயத்தை மேடையில சொல்லாம விட்ட? நான் ரசத்துக்கு உப்புப் பாக்குறது வரைக்கும் ஊருக்கே தெரியும். இதையும் சொல்லு. ஆனா கேலிக்கு இல்ல. இத்தனை வருஷம் இல்லாத மருந்து இப்போ வருது, அதனால வேகமெடுக்குதுன்னு சொல்லு. டிவி பாக்குற வீட்டுல என்னைய மாதிரி ஒருத்தன் மூலையில உக்காந்திருப்பான்ல. அவன் காதுல விழட்டும்.”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதுதான் கடைசி நிமிஷம் என்று உடனே முடிவு செய்தேன். இப்படி எழுதும்போது என்னவோ போல இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது. தொண்டை அடைத்ததும் நிஜம், நிமிஷக் கணக்குப் போட்டதும் நிஜம்.

டிசம்பர் 18, வியாழன், சென்னை

அணி மாறிவிட்டது.

ரயிலை விட்டு இறங்கி ரூமுக்கு வந்து பல் விளக்குவதற்குள் நடுவர் ஐயா கூப்பிட்டுவிட்டார். நாலு படத்தில் தலை காட்டிய கோமதிநாயகம் இருக்கிறாரே, அவர் செல்போன் விளம்பரம் ஒன்றில் நடிக்கிறாராம். ‘வேகம் குறைகிறது’ என்று பேசினால் கம்பெனிக்காரன் கோபித்துக்கொள்வானாம். அதனால் அவர் என் இடத்துக்கு, நான் அவர் இடத்துக்கு.

“உனக்கென்னம்மா, எந்தப் பக்கம் நிறுத்தினாலும் வெளுத்து வாங்குவே” என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் இது சகஜம். சித்திரையில் ‘கூட்டுக் குடும்பமே’ என்று அழுதுவிட்டு, ஆடியில் ‘தனிக் குடித்தனமே’ என்று அதே தொண்டையில் அழுதிருக்கிறேன். இரண்டுக்கும் சால்வை வாங்கியிருக்கிறேன். கொடுத்த பக்கத்துக்கு வாதாடுவதுதான் வேலை. வக்கீலை யாராவது குறை சொல்கிறார்களா?

மத்தியானத்துக்குள் பாயின்ட் எல்லாம் பிடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் இந்தப் பக்கம்தான் வலு அதிகம். எங்கள் அம்மா காலத்தில் மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. ஒரு பெண்ணின் நாளே மாறியது. என் காலத்தில் அடுப்படிக்குப் புதிதாக என்ன வந்தது? நிலாவுக்குப் போனார்கள், அப்புறம் ஐம்பது வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் பறந்த விமானத்தை நிறுத்திவிட்டு ஏழு மணி நேரம் உட்காருகிறார்கள். போனில் வருஷா வருஷம் ஒரு கேமராக் கண் கூடுகிறது, அவ்வளவுதான்.

கடைசி நிமிஷத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு எதையாவது யோசித்திருக்கலாம். நேரம் இருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

பிரமாதம். எழுந்து நின்று கைதட்டினார்கள். கோமதிநாயகமே முகத்தைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு எங்கள் அணிக்கு.

கண் விஷயத்தைச் சொன்னேன். “அஞ்சு வருஷத்துல மருந்து வந்துரும்னு டாக்டர் சொன்னாருங்க. எப்போ? எங்களுக்குக் கல்யாணமான புதுசுல! இப்போ எங்க பொண்ணுக்கே கல்யாண வயசு. அந்த அஞ்சு வருஷம் இன்னும் முடியல!” அதற்கு ஒரு சிரிப்பு. அதை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவர் டீ டம்ளர் எடுப்பதை. அப்புறம் குரலை இறக்கி, “நிலாவுக்குப் போன மனுஷனால, என் புருஷன் கைக்கும் டம்ளருக்கும் நடுவுல இருக்கிற ஒரு சாண் தூரத்தைக் கடக்க முடியலையே ஐயா” என்றேன். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

நல்ல வரிதான். ரயிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன், நல்ல வரிதான்.

டிசம்பர் 20, சனி

அவர் ஸ்டேஷனுக்கே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

“கண் விஷயம் சொன்னியா?”

“சொன்னேங்க.”

“கைதட்டு வந்துச்சா?”

“ஏக கைதட்டு.”

“நடுவர் யார் பக்கம்?”

“எங்க பக்கம்தான்.”

என் தோளைத் தட்டினார். நான் சொன்னதில் ஒரு பொய் உண்டா? இல்லை. அணி மாறியதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். மாவு அரைக்க வேண்டும், துணி மூன்று நாளாகக் குவிந்து கிடக்கிறது.

டிசம்பர் 26, வெள்ளி

இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 31, புதன்

டிவியில் எடிட்டிங் பார்க்கிற தம்பிக்குப் போன் செய்தேன். நிகழ்ச்சி நீளமாக இருந்தால் என் பேச்சில் அந்தக் கடைசிப் பகுதியை எடுத்துவிடலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்வது போலச் சொன்னேன்.

“மேடம், விளையாடுறீங்களா? புரோமோவே அதுதான்!”

ஜனவரி 5, திங்கள்

அவர் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், பொங்கலன்று பதினொரு மணிக்கு டிவி பாருங்கள், என் கதையை என் வீட்டுக்காரி சொல்கிறாள் என்று. சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தங்கை செண்பகத்தைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். பெங்களூரில் இருக்கிற எங்கள் பெண் பொற்கொடிக்கு லீவு இல்லையாம், அங்கிருந்தே பார்ப்பாளாம்.

இன்று சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை குக்கர் விசிலடித்தது. இரண்டாவது தடவை ஒன்றும் குறுக்கே வரவில்லை. நானேதான் மூடிக்கொண்டேன். பன்னிரண்டு நிமிஷம் மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

புரோமோ ஓடுகிறது. வார்த்தையே கிடையாது. நான் கையை நீட்டித் தடவுகிறேன், டம்ளரைத் தாண்டிப் போகிறேன், சர்க்கரை டப்பாவைப் பிடித்து வாயில் வைக்கிறேன். சிரிப்பு, இசை, அவ்வளவுதான்.

டிவியை அவர் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை, கேட்பார். ஓடுகிற படத்தை அந்தக் குழாய்ப் பார்வையால் துரத்திப் பிடிக்க முடியாது.

“உன் புரோமோதானே? என்ன, எல்லாரும் இந்தச் சிரிப்புச் சிரிக்காக?” என்றார்.

“ஏதோ ஜோக்குங்க.”

“என்ன ஜோக்கு?”

“பொங்கலன்னிக்குக் கேட்டுக்கோங்களேன்.”

சீ. கை காலெல்லாம் கூசுகிறது. இதை எழுதுகிற கையும்தான்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. செண்பகம் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டு வந்தாள். அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பார்க்க முடியாவிட்டாலும் எதிரேதான் உட்காருவேன் என்றார்.

நடுவர் என்னை அழைத்தார், ‘வேகம் குறைகிறது அணியில் அடுத்து…’ என்று. இவர் தலை லேசாகத் திரும்பியது. நான் இருக்கிற பக்கமாக. “குறைகிறதா? தப்பாச் சொல்லுறாரா?” என்று கேட்டார். செண்பகம், “இல்லண்ணே, சும்மா கேளுங்க” என்றாள்.

மிக்ஸிக்குச் சிரித்தார். விமானத்துக்குத் தலையை ஆட்டினார். ‘அந்த அஞ்சு வருஷம் இன்னும் முடியல’ என்றதும் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது, எடுக்க மறந்துவிட்ட மாதிரி. அப்புறம் டிவியில் பேச்சு நின்றது. கூட்டம் மட்டும் சிரித்தது. வீட்டிலும் சிரித்தார்கள்.

“ஏன் சிரிக்கீக? பேச்சே இல்லையே?” என்றார்.

செண்பகத்தின் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். “மாமா, அத்தை உங்களை மாதிரியே நடிக்கிறாக! நீங்க டம்ளர் தேடுவீகள்ல, அச்சு அசல்!”

செண்பகம் அவள் தொடையில் கிள்ளினாள். அதற்குள் அந்தப் பெண் சொல்லி முடித்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அவரும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக. நிலா வசனம் வந்தபோது கைகூடத் தட்டினார். நிகழ்ச்சி முடிந்ததும், “சாப்பாடு போடு, நேரமாச்சு” என்றார். இலையில் எது எங்கே இருக்கிறது என்று நான் எப்போதும் சொல்வேன். இன்று சொல்ல வாயெடுத்தபோது, “தெரியும்” என்றுவிட்டார்.

நான் செத்துப்போயிருக்கலாம்.

ஜனவரி 16, வெள்ளி

கோயிலுக்குப் போனோம். என் தோளில் கை வைக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். ஒருவன் பைக்கை நடைபாதையில் நிறுத்தியிருந்தான். முழங்காலில் நல்ல அடி.

ஜனவரி 19, திங்கள்

காலேஜில் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் கைதட்டல். பிரின்சிபால் கேக் வெட்டினார். அந்த நேரம் பார்த்து ஷெரின் போன்.

“மேடம், சார் வரலைன்னு சொல்லிட்டார். வெயிட்டிங்ல நிறைய பேர் இருக்காங்க. புதன்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன், அதுக்கு மேல வேற ஒருத்தருக்குக் கொடுத்துருவோம்.”

கேக்கை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அவர் லீவு போட்டு வீட்டில்தான் இருந்தார். பிடித்துக்கொண்டேன். என்னென்னவோ சொன்னேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜீனைப் படிக்கவே முடியாது, இன்று ஒரு துளி ரத்தத்தில் படித்துவிட்டார்கள் என்றேன். இதயத்தையே மாற்றி வைக்கிறவர்களுக்குக் கண் ஒரு பொருட்டா என்றேன். முன்பு நூறு வருஷத்தில் நடந்தது இன்று பத்து வருஷத்தில் நடக்கிறது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆவேசம் வந்துவிட்டது. குரல் தானாக ஏறியது. ஓர் இடத்தில் கையைக்கூட உயர்த்திவிட்டேன்.

முழுசும் கேட்டார்.

“நல்லா இருக்கு. கைதட்டட்டுமா?” என்றார்.

உயர்த்திய கையை இறக்கிக்கொண்டேன்.

“இதுதான் நீ பேச வேண்டியது. பேசிட்டு வந்திருந்தா நான் கும்பிட்டிருப்பேன். அங்க அதைப் பேசிட்டு, இங்க வந்து இதைப் பேசுறியே. ரெண்டுக்கும் ஒரே குரல்தான் அரசி. எனக்குக் குரல் மட்டும்தானே இருக்கு. அதை வச்சு எதை நம்ப?”

ஜனவரி 20, செவ்வாய்

வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. பேசினால் பேச்சு மாதிரி இருக்கிறது, அதனால் பேசவும் இல்லை.

டிவிக்காரத் தம்பிக்குப் போன் செய்து அந்தப் பகுதியை யூடியூபிலிருந்து எடுக்கச் சொன்னேன். “மேடம், சேனல்லயே அதுதான் இப்ப டாப்பு. யார் யாரோ வெட்டி எடுத்துப் போட்டுட்டாங்க, ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் நடிச்சுப் போடுதுங்க. நான் எடுத்தாலும் போகாது” என்றான். வாழ்த்தும் சொன்னான். நடுவர் ஐயாவிடமும் கேட்டேன். “எதுக்கும்மா கவலைப்படுற, அடுத்த மாசம் துபாய் கூப்பிட்டிருக்கான், இதே தலைப்பு” என்றார். நான் வரவில்லை என்றேன். சம்பிரதாயமாக மறுக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தொழில்நுட்ப வேகம் குறைகிறதாம். நான் பேசியது ஐந்து நாளில் ஊரெல்லாம் போய்விட்டது.

ஜனவரி 21, புதன்

ஷெரினுக்கு நானே போன் செய்து, சார் வருவார் என்று சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன். அவருக்காக அவரைக் கேட்காமல் இன்னொரு பேச்சா என்று தோன்றியது. கீழே வைத்தேன். மூன்று மணிக்கு அவர் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சட்டை முன்பக்கம் முழுவதும் டீக்கறை.

என்னாச்சு என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. பயலுக விளையாடுனாங்கெ. டம்ளரை வச்ச இடத்துலேர்ந்து நகத்தி வச்சுட்டாங்கெ. நான் தேடுறேன், அவங்கெ சிரிக்காங்கெ. கெட்ட பயலுக இல்ல. உன் ப்ரோக்ராமைப் பாத்துட்டு நான் ஜாலியான ஆளுன்னு நினைச்சுட்டாங்கெ.” சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுக்காமல் அவரே வாளியில் போட்டார்.

நான் அழுதேன். மேடையில் அழுகிற மாதிரி இல்லை, மூக்கெல்லாம் ஒழுகி, அசிங்கமாக. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லக்கூட வார்த்தை கோவையாக வரவில்லை. அவர் வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்லட்டா? உன் பேச்சைக் கேட்டுத்தான் நான் வரலைன்னு சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்க. அந்த அளவுக்கு உன் பேச்சுக்குச் சக்தி இல்ல. எனக்குப் பயம். முழிச்ச கண்ணுக்குள்ள ஊசி விடுவாகளாம். இருக்கிற கொஞ்சமும் போயிருச்சுன்னா? அந்தப் பயத்துக்கு உன் பேச்சு நல்ல சாக்காப் போச்சு. கோவமும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு, ரெண்டையும் சேத்துக் கட்டிட்டேன்.”

“அப்போ…”

“சும்மா இரு. இன்னும் முடிக்கல. வேகமாப் போகுதா, மெதுவாப் போகுதாங்கிறதெல்லாம் மேடைக்கு. எனக்கு அது ஜனவரி இருபத்தெட்டு. அம்புட்டுத்தான். அன்னைக்கு இருக்கிற மருந்து இருக்கு, இல்லாதது இல்ல.”

போனைக் காதில் வைத்து ஷெரினிடம் அவரே பேசினார். ஊசி போடும்போது மயக்கம் கொடுப்பீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். வருகிறேன் என்றார்.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். “துணைக்கு நீ வா. ஆனா அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. டாக்டர் சொல்லுறது என் காதுல விழணும். நீ பேச ஆரம்பிச்சா உன் குரல்தான் விழும்.”

சரி என்று தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்து இன்னொரு தடவை ஆட்டினேன்.

ஜனவரி 24, சனி

ரயில் டிக்கெட் போட்டாயிற்று. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய நீலச் சட்டைக்குப் பித்தான் தைத்தேன்.

ஜனவரி 28, புதன், சென்னை

காலை எட்டு மணியிலிருந்து கண்ணில் சொட்டு மருந்து, இருட்டு அறை, எந்திரத்தில் தாடையை வைப்பது என்று மாற்றி மாற்றி நடந்தது. எல்லாவற்றிலும் கூடவே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு நர்ஸ் தமிழில் தப்பான பக்கத்தைச் சொன்னாள், இடது என்பதற்கு வலது என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அவரே கேட்டுத் திருத்திக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னாள். வலது கண்ணில் ரொம்பத் தாமதமாகிவிட்டது, அதில் ஒன்றும் செய்வதற்கில்லை. இடது கண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். போன பார்வை திரும்பாது. இருக்கிறது போகிற வேகம் கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். தனக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை என்றாள்.

“தெரியாதுன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அதுக்கு ரொம்ப நன்றிம்மா” என்றார் அவர்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, “மேடம், நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றாள். கேட்க எனக்கு நூறு இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று காட்ட அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன்.

அதன் பிறகு ரத்தம் எடுக்கக் காத்திருக்கச் சொன்னார்கள். பெரிய ஹால். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், பக்கத்தில் அவர்களுடைய மனைவி, அம்மா, அண்ணன். எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு ஜோடி. பழநிப் பக்கமாம். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள்.

“அக்கா, நீங்கதானே டிவியில… அந்த டம்ளர் மேடம்?”

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“எங்க வீட்டுல பொங்கலுக்குப் பாத்தோம். நானுந்தான் சிரிச்சேன்க்கா, சிரிக்காம எப்புடி. அப்புறம் பாத்தா இவரு மூலையில உக்காந்து கேட்டுட்டு இருக்காரு. ரெண்டு நாளு சாப்புடவே இல்ல. இங்க வரமாட்டேன்னு ஒரே அடம். எம்புள்ள மேல சத்தியம் வாங்கித்தான் கூட்டியாந்தேன். நீங்க படிச்சவங்க. நெசமாலுமே ஒண்ணும் வராதாக்கா? ஒரு வார்த்தை இவருகிட்ட வந்து சொல்லுங்களேன்.”

மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் காதில் விழட்டும் என்றுதானே அவர் சொன்னார். விழுந்திருக்கிறது.

என்ன சொல்வது? எந்த வார்த்தையைச் சொன்னாலும் அந்தக் குரலில்தான் வரும். அந்த அம்மாளின் கணவர் எங்கள் பக்கம் காதைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். நான் என் மடியைப் பார்த்தேன். ஓடிப் போய்விடலாம் போல இருந்தது.

“ஆள் மாறிப் போச்சும்மா” என்றார் என் கணவர். “அது வேற யாரோ. எல்லாரும் இப்படித்தான் கேக்குறாக. இது என் வீட்டுக்காரி. இவளுக்கு வாய் பேச வராது.”

பிறகு எழுந்து, நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து அந்த வரிசைக்குப் போய், அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அண்ணே, நான் இப்பத்தான் உள்ள போயிட்டு வந்தேன். என்ன சொன்னாகன்னு சொல்றேன் கேளுங்க” என்று ஆரம்பித்தார். சொன்னதையே திரும்பச் சொன்னார். இடையில் மறந்துபோய் யோசித்தார். திரும்பாது என்பதையும் சொன்னார், குறையலாம் என்பதையும் சொன்னார். எனக்கும் பயம்தான் அண்ணே என்றார். அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்க, சரிங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்குக் கண்ணு, உங்களுக்கு வாயா? என்ன சாமியோ போங்க. தெரியாம என்னென்னமோ பேசிப்புட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் எடுத்து, உரித்து, விதையெல்லாம் நீக்கி, ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்தாள்.

வாங்கிக்கொண்டேன்.